‘இனு-ஓ’ பார்க்கப் போகிறவர்களுக்கு: பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வழி

ஜப்பானிய வரலாற்றுப் படங்களுக்குப் புதியவர் ஒருவர் ‘இனு-ஓ’வைப் பார்க்க உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடங்களிலேயே திகைத்துப் போக வாய்ப்பு உண்டு. இன்றைய நகரத் தெருவில் தொடங்கும் கதை சட்டெனக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறது. கடலடியிலிருந்து ஒரு வாள் எடுக்கப்படுகிறது, ஒருவர் சாகிறார், ஒரு சிறுவன் பார்வையை இழக்கிறான், இடையிடையே குலப்பெயர்களும் பட்டப்பெயர்களும் மழைபோல் விழுகின்றன. மசாகி யுவாசா இயக்கிய இந்த அசைவூட்டப் படம் 2021-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2022 மே 28 அன்று ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. மர்மக்கதை, இசை நிகழ்ச்சி, அரண்மனைச் சூழ்ச்சி ஆகிய மூன்றையும் 98 நிமிடங்களுக்குள் பின்னியிருப்பதால், முன்னேற்பாடு இல்லாமல் பார்ப்பவர் மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நழுவவிட்டுவிடுகிறார். அப்படி நழுவவிடாமல் பார்ப்பதற்கு நான் கண்ட வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். படத்தில் யார் யாருக்குப் பெயர் வைக்கிறார்கள், யாருடைய பெயர் எப்போது மாறுகிறது என்பதை மட்டும் விடாமல் கவனித்து வந்தால் மர்மமும் இசையும் அரசியலும் ஒரே இடத்தில் வந்து சேரும் என்பதே அந்த வழியின் அடிப்படை. படத்தின் முடிவை இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை.

முதல் படி: இரண்டு காலங்களை மனத்தில் இருத்துங்கள்

படத்தின் கதை நடப்பது 14-ஆம் நூற்றாண்டில். ஆனால் அதில் வரும் மனிதர்கள் ஓயாமல் பேசுவதும் பாடுவதும் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு போரைப் பற்றி. இந்த இரண்டு காலங்களையும் பிரித்தறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முந்தைய காலம் 1180 முதல் 1185 வரையிலானது. தைரா, மினமொதோ என்னும் இரண்டு படைக்குலங்கள் நாட்டின் ஆட்சிக்காக மோதிக்கொண்ட காலம் அது. தைரா குலத்துக்கு ஹெய்கே என்றும் மினமொதோ குலத்துக்கு கென்ஜி என்றும் மற்றொரு பெயர் உண்டு. வசன மொழிபெயர்ப்பில் இவை மாறிமாறி வரும்போது நான்கு கட்சிகள் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். போரின் கடைசிச் சண்டை 1185-இல் ஜப்பானின் மேற்குக் கோடியில், இன்றைய ஷிமோனோசெகி நகரை ஒட்டிய குறுகலான கடற்காலில், தன்-நோ-உரா என்னுமிடத்தில் நடந்தது. ஹெய்கே அங்கே அடியோடு அழிந்தது. அந்தக் குலத்து மகள் பெற்ற பிள்ளையான அன்தோகு என்னும் குழந்தைப் பேரரசரை அவருடைய பாட்டி கையில் ஏந்தி, அலைகளுக்கு அடியிலும் நமக்கு ஒரு தலைநகர் உண்டு என்று தேற்றியபடி கடலில் பாய்ந்தார் என்பது ஜப்பானியர் ஒவ்வொருவரும் அறிந்த காட்சி. பேரரசின் மூன்று புனிதச் சின்னங்களான வாள், கண்ணாடி, மணி ஆகியவற்றுள் வாள் அன்று கடலில் மூழ்கி மீளாமல் போனது. படத்தின் தொடக்கத்தில் கடலடியில் தேடப்படுவது அந்த வாள்தான். அந்தக் கடலில் பிடிபடும் ஒருவகை நண்டின் ஓட்டில் சினந்த மனித முகம் போன்ற வடிவம் தெரிவதால், மாண்ட ஹெய்கே வீரர்களே நண்டாகப் பிறந்திருக்கிறார்கள் என்று மக்கள் நம்பி வந்தார்கள். இறந்தவர்கள் அடங்கவில்லை என்னும் இந்த நம்பிக்கையை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தின் மர்மம் அதன்மேல்தான் நிற்கிறது.

பிந்தைய காலம் அஷிகாகா குலத்து ஷோகுன்களின் காலம். ஷோகுன் என்பவர் பேரரசரின் பெயரால் படையையும் ஆட்சியையும் நடத்தியவர். 1336 முதல் 1392 வரை கியோத்தோவில் வட அரசவை, யோஷினோ மலைப்பகுதியில் தென் அரசவை என இரண்டு பேரரசர்கள் ஒரே நேரத்தில் உரிமை கோரினார்கள். மூன்றாம் ஷோகுன் அஷிகாகா யோஷிமிட்சு 1392-இல் இந்தப் பிளவை முடிவுக்குக் கொண்டுவந்தார். கியோத்தோவின் பொற்கோயிலைக் கட்டுவித்தவர் என்று சுற்றுலாக் கையேடுகளில் படித்திருப்பீர்களே, அவரேதான். உரிமைக்குச் சான்றாகப் புனிதச் சின்னங்களைத் தேவையாக்கியதும் இந்தப் பிளவுதான். ஆகவே, தலைநகரிலிருந்து சிலர் ஏன் இத்தனை தொலைவு வந்து ஒரு மீனவக் குடும்பத்தைக் கடலில் இறக்குகிறார்கள் என்னும் கேள்விக்கு அரசியலே விடை.

இரண்டாம் படி: இரண்டு கலைத் தொழில்களை அறிந்துகொள்ளுங்கள்

படத்தின் நாயகர்கள் இருவர். ஒருவன் பிவா மீட்டும் பாணன், மற்றவன் சருகாகு ஆடும் கூத்தன்.

பிவா என்பது குட்டைக் கழுத்தும் பேரிக்காய் வடிவ உடலும் கொண்ட நரம்புக் கருவி. ஹெய்கே குலத்தின் கதையைச் சொல்லும் ‘ஹெய்கே கதை’ என்னும் காவியத்தைப் பாடப் பயன்பட்ட வகைக்கு நான்கு நரம்புகள். அகன்ற மரத்தகடு ஒன்றால் அதைத் தட்டியும் இழுத்தும் வாசிப்பார்கள். நம்முடைய சரஸ்வதி ஜப்பானுக்குப் போய் பென்சைதென் என்னும் தெய்வமானபோது, கையிலிருந்த வீணையின் இடத்தில் வந்து அமர்ந்தது இந்தப் பிவாதான் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. பிவா ஏரியில் உள்ள சிகுபு தீவில் அந்தத் தேவிக்குக் கோயில் இருக்கிறது. ஹெய்கே குலத்துப் பிவாக் கலைஞர் ஒருவர் அங்கே வந்து வாசித்ததாக ஹெய்கே கதையே கூறுகிறது.

பிவாவை ஏந்தி ஊர் ஊராகச் சென்றவர்கள் துறவியரைப் போல் தலைமழித்து அங்கி அணிந்த பார்வையற்ற பாணர்கள். ஹெய்கே குலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அவர்கள் பாடியது கேட்பவரை மகிழ்விக்க மட்டுமன்று, மாண்டவரின் ஆவிகளைச் சாந்தப்படுத்தவும்தான். பாடப்படாத கதைக்குரிய ஆவி அடங்காது என்னும் எண்ணத்தைப் படம் தன் மூலக்கருவாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

சருகாகு என்பது ஆட்டம், பாட்டு, நகைச்சுவை, வித்தைகள் எல்லாம் கலந்திருந்த பழைய கூத்து. இன்று மிக மெதுவாகவும் அடக்கமாகவும் ஆடப்படும் ‘நோ’ நாடகம் அதிலிருந்தே பிறந்தது. அந்நாளைய ஆட்டம் இன்றைய நோவைவிட மிக விரைவாக நடந்தது என்பது ஆய்வாளர்களிடையே பரவலாக உள்ள கருத்து. கோயில் வளாகத்திலும் ஆற்று மணலிலும் பந்தலிட்டு, கூச்சலும் நெரிசலுமாக நடந்த நிகழ்ச்சிகள் அவை. கியோத்தோவில் கமோ ஆற்றின் மணல்வெளி கூத்துக்களமாகவும் இருந்தது, கொலைத்தண்டனை நிறைவேற்றும் களமாகவும் இருந்தது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு படத்தின் ஆற்றங்கரைக் காட்சிகளைப் பாருங்கள்.

மூன்றாம் படி: இனு-ஓ உண்மையில் வாழ்ந்தவர் என்பதை அறிந்திருங்கள்

படத்தைக் கற்பனைக் கதை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் இழப்பது அதிகம். இனு-ஓ என்னும் கூத்தர் உண்மையில் இருந்தார். பிவா ஏரியை ஒட்டிய ஓமி நாட்டில் ஹியே குழுவின் தலைவராக விளங்கி, 1413-இல் மறைந்தார். 1408-இல் யோஷிமிட்சுவின் கிதயாமா மாளிகைக்குப் பேரரசர் வந்தபோது அவர் முன்னிலையில் ஆடும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது. நோ நாடகத்தின் பேராசானாகிய ஸெயாமி இவரைப் போற்றிப் பேசியிருக்கிறார். விண்ணுலக மங்கையின் நடனத்தைத் தம் குழு ஏற்றுக்கொண்டது இனு-ஓவிடமிருந்துதான் என்பதும் ஸெயாமி வழியாகவே தெரிகிறது.

ஆனால் ஸெயாமியின் நாடகங்கள் இன்றும் மேடையேறுகின்றன, இனு-ஓ ஆடியவற்றுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஒரே காலத்தில் ஒரே ஷோகுனின் ஆதரவைப் பெற்ற இருவரில் ஒருவரது கலை 600 ஆண்டு நிலைத்ததற்கும் மற்றவரது கலை தடமின்றிப் போனதற்கும் என்ன காரணம் என்னும் கேள்வியிலிருந்துதான், ஹிதேயோ ஃபுருகாவா 2017-இல் எழுதிய நாவலும் அதைத் தழுவிய இந்தப் படமும் விரிகின்றன. வரலாற்றில் இருப்பது ஒரு வெற்றிடம். படம் அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புகிறது. அதனால் இனு-ஓவின் உருவக்கேட்டையோ சாபத்தையோ வரலாற்று நூல்களில் தேட வேண்டாம்.

நான்காம் படி: பார்ப்பதற்கான ஏற்பாடு

ஜப்பானிய மொழி ஒலியுடனேயே பாருங்கள். இனு-ஓவுக்குக் குரல் கொடுத்த அவு-சான் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகர். அடித்தொண்டையிலிருந்து உச்சக்குரல் வரை அவர் ஏறி இறங்குவதே அந்தப் பாத்திரத்தின் உயிர். பாணனுக்குக் குரல் கொடுத்த மிராய் மொரியாமா நடிகர், நடனக் கலைஞர்.

தேர்ந்தெடுக்கும் பதிப்பில் பாடல்களுக்கும் வசன மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்பதை முதலில் ஓரிரு நிமிடங்கள் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பாடல் வரிகளுக்குள்தான் கதையின் துப்புகள் புதைந்திருக்கின்றன. வரிகள் புரியாவிட்டால் படத்தின் நடுப்பகுதி முழுவதும் வெறும் ஆரவாரமாகவே தோன்றும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி இந்தப் படத்துக்குப் போதாது, நல்ல காதணி ஒலிபெருக்கியாவது வேண்டும். ஓட்டோமோ யோஷிஹிதேயின் இசைக்கு அடியில் நீரோசை, மரச்செருப்பின் ஓசை, கூட்டத்தின் கைத்தட்டல் ஆகியவையும் தாளமாகச் சேர்வதைக் கேட்க வேண்டும்.

குருதியும் உடல் சிதைவும் காட்டப்படுவதால் சிறு பிள்ளைகளுடன் சேர்ந்து பார்க்கத்தக்க படம் அன்று. அசைவூட்டப் படம் என்பதை நம்பி வீட்டில் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: முதல் இருபது நிமிடங்களில் இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

தன்-நோ-உராக் கடலில் மூழ்கி எடுத்துப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த சிறுவன் தொமோனா. வாள் கிடைத்து அது உறையிலிருந்து உருவப்படும் கணத்தில் தந்தை உயிரிழக்கிறார், மகன் பார்வையிழக்கிறான். யார் சொல்லி அந்த மனிதர்கள் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பது முதல் கேள்வி. விடை தேடித் தலைநகரை நோக்கி நடக்கும் சிறுவன் வழியில் முதிய பாணர் ஒருவரைச் சந்தித்து, பிவா கற்று, தானும் பாணனாகிறான். தந்தையின் ஆவி அவனைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

தலைநகரில் சருகாகுக் குழுத் தலைவர் ஒருவரின் வீட்டில், மனித உருவம் திரியப் பிறந்த பிள்ளை ஒன்று சுரைக்குடுக்கை முகமூடிக்குள் மறைக்கப்பட்டு நாய்களோடு வளர்கிறது. அண்ணன்மார் பயிற்சி செய்வதை வெளியே நின்று பார்த்து ஆடக் கற்கும்போது அதன் கால்கள் மாறத் தொடங்குகின்றன. இவன் ஏன் இப்படிப் பிறந்தான், அதே சமயத்தில் பாணர்களைக் கொன்று குவிப்பது யார் என்பது இரண்டாம் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று தொடுவது வரை பொறுமையாக இருங்கள்.

இந்தப் பகுதியில் ஒரு காட்சி நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பார்வையற்ற தொமோனா உலகை உணரும் விதத்தைக் காட்ட, திரை இருண்டு, ஓசை எழும் இடங்களில் மட்டும் வண்ணத் தீற்றல்கள் தோன்றுகின்றன. மழைத்துளி விழும் இடத்தில் ஓடு தெரிகிறது, காலடி விழும் இடத்தில் பாதை தெரிகிறது. இசையைப் பற்றிய ஒரு படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓவிய முறை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பாத்திரங்களின் தோற்றத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற படக்கதை ஓவியர் தாயோ மட்சுமொதோ. கோணல்மாணலான அவரது கோடுகள் இந்தக் கதைக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன.

ஆறாம் படி: பெயர்களைப் பின்தொடருங்கள்

இதுதான் முக்கியமான படி. பாணனுக்குப் படத்தில் மூன்று பெயர்கள் வருகின்றன. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பொருளைத் தாங்கும் ஜப்பானியச் சித்திர எழுத்தில் எழுதினால், மூன்றிலும் முதல் எழுத்து ‘தொமோ’. நண்பன் என்பது அதன் பொருள். மாறுவது இரண்டாம் எழுத்து மட்டுமே. பிறந்தபோது அவன் தொமோனா, அதில் வரும் எழுத்து மீனைக் குறிக்கும். கடலோரக் குடும்பம் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது. தலைநகரில் பாணர்களின் குழுவில் சேரும்போது, குழுவினர் அனைவரும் சூடிக்கொள்ளும் ‘இச்சி’ என்னும் சொல் ஒட்டப்பட்டுத் தொமோஇச்சி ஆகிறான். அதற்கு ஒன்று என்று பொருள். பின்னர் இனு-ஓவின் கதையைத் தானே இயற்றிப் பாடத் தொடங்கும்போது, குழுவின் பெயரைக் கழற்றிவிட்டுத் தனக்குத் தானே தொமோஅரி என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். அந்த ‘அரி’ இருப்பதைக் குறிக்கும் சொல். நண்பன் இருக்கிறான் என்பதாகவும், நான் இருக்கிறேன் என்பதாகவும் அது ஒலிக்கிறது.

பெயர் மாறினால் ஆவியால் ஆளைக் கண்டுபிடிக்க முடிவதில்லை என்று தந்தையின் ஆவி குறைபட்டுக்கொள்ளும் காட்சியைப் பலர் நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடக்காதீர்கள், படத்தின் இறுதிக் காட்சி அந்த ஒரு வரியில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

வரலாற்றிலும் இதே நூல் ஓடுவது வியப்பளிக்கிறது. யோஷிமிட்சு துறவு பூண்டபோது கொண்ட தோகி என்னும் பெயரின் முதல் எழுத்து இனு-ஓவுக்கு அளிக்கப்பட்டு, அவர் தோஅமி ஆனார். சிறுவன் ஸெயாமிக்கு ஃபுஜிவகா என்று பெயர் சூட்டியவர் அரசவையின் உயர்குடிக் கவிஞர் நிஜோ யோஷிமொதோ. பெயர் கொடுப்பவர் புரவலர், பெயர் பெறுபவர் அவருடைய ஆள். நாய் அரசன் என்று பொருள்படும் இனு-ஓ என்னும் பெயரைத் தெருவில் நின்று முழங்குவது எவ்வளவு பெரிய துணிவு என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஏழாம் படி: பாடல்களைத் தாண்டிச் செல்லாதீர்கள்

படத்தின் நடுவில் நீண்ட மேடை நிகழ்ச்சிகள் வருகின்றன. மின்கிட்டார் அதிர்கிறது, முரசு இடிக்கிறது, கூட்டம் குதிக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மின்கிட்டார் ஏது என்று வாதாடிக்கொண்டிருந்தால் படம் கைநழுவிப் போய்விடும். அன்றைய மக்களின் காதுக்கு அந்தப் புதிய இசை எப்படி ஒலித்திருக்குமோ, அதே அதிர்ச்சியை இன்றைய காதுக்குத் தருவதற்காகவே இயக்குநர் ராக் இசையைத் தேர்ந்திருக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். மின்கிட்டாரின் முழக்கத்தில் பிவாவின் தனிக்குரல் பல இடங்களில் அமிழ்ந்துவிடுகிறது. அந்த நரம்புகள் தனியாக ஒலிக்கும் தொடக்கக் காட்சிகளின் இனிமை பின்னர் கிடைப்பதில்லை.

இனு-ஓ மேடையேற்றும் பெரிய ஆட்டங்கள் மூன்று. ஒன்று வெட்டுண்ட கைகளைப் பற்றியது, ஒன்று திமிங்கிலத்தைப் பற்றியது, மூன்றாவது ஷோகுனின் முன்னிலையில் நடப்பது. ஒவ்வொன்றும் யாரும் பாடாமல் விட்ட ஹெய்கே ஆவிகளின் கதை. ஒவ்வொன்றைச் சொல்லி முடிக்கும்போதும் அவன் உடலில் ஒரு பகுதி மாறுகிறது. எந்தக் கதைக்கு எந்த உறுப்பு மாறுகிறது என்று கவனித்து வாருங்கள். திமிங்கிலப் பாட்டைக் கேட்குமுன் தெரிந்திருக்க வேண்டிய பழங்கதை ஒன்று உண்டு. தன்-நோ-உராச் சண்டையின்போது ஓங்கில்களின் பெருங்கூட்டம் ஒன்று ஹெய்கே படகுகளை நோக்கி வந்ததாம். அவை திரும்பிப் போனால் கென்ஜிக்கு அழிவு, நேரே கடந்தால் நமக்கு அழிவு என்று குறிபார்ப்பவர் சொல்லி முடிப்பதற்குள் அவை ஹெய்கே படகுகளின் அடியில் புகுந்து போய்விட்டனவாம்.

இனு-ஓவின் ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்காகத் தொமோஅரி பாலத்தில் நின்று பாடும் பாடல்களுக்கும் இதே கவனம் வேண்டும். இனு-ஓவின் வாழ்க்கைக் கதையைத் தவணை தவணையாக அவை வெளியிடுகின்றன.

எட்டாம் படி: அரசியலை எங்கே தேடுவது

வாள்வீச்சும் நஞ்சும் நிறைந்த சூழ்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே சூழ்ச்சி நடப்பது ஒரு கதையைப் பற்றி. ஹெய்கே கதைக்குப் பல வடிவங்கள் இருந்தன. பார்வையற்ற பாணர்களின் குழுவுக்குத் தலைவராயிருந்த அகஷி ககுஇச்சி 1371-இல், தம் மறைவுக்குச் சற்று முன்னர், ஒரு முழு வடிவத்தைச் சொல்லி எழுதுவித்தார். இன்று உலகம் படிக்கும் ஹெய்கே கதை பெரும்பாலும் அந்த வடிவம்தான். படத்தில் ஷோகுனின் அதிகாரம் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் முறையானதாக அறிவித்து, மற்றவற்றைப் பாடுவதைத் தடைசெய்கிறது. உண்மையில் 1371-இல் யோஷிமிட்சு ஏறக்குறைய 13 வயதுச் சிறுவர். படம் பல பத்தாண்டுகளை ஒன்றாகச் சுருக்கியிருக்கிறது. ஆனாலும் ஆட்சியை ஒன்றாக்கியவர் கதையையும் ஒன்றாக்க நினைப்பார் என்னும் எண்ணம் ஆழமானது. தனக்குப் புதுக்கதை கிடைத்துவிட்டதாகத் தொமோஅரி மகிழ்ந்து பாடும் ஒவ்வொரு முறையும், அரண்மனையில் யார் முகம் இறுகுகிறது என்று பாருங்கள்.

புரவலர் மாறினால் கலைஞரின் கதி என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றுச் சான்று வேண்டுமானால் ஸெயாமியே போதும். யோஷிமிட்சுவின் அன்புக்குரியவராயிருந்த அவர், 1434-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், பின்வந்த ஷோகுன் ஒருவரால் சாடோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஒன்பதாம் படி: பார்த்து முடித்த பின்

உடனே விளக்கங்களைத் தேடிப் படிக்காமல் ஒருநாள் விட்டுவிடுங்கள். பிறகு, இந்தப் படத்தை உருவாக்கிய சயன்ஸ் சாரு நிறுவனமே நவோகோ யமதாவின் இயக்கத்தில் 11 பகுதிகளாக எடுத்த ‘ஹெய்கே மொனொகதாரி’ தொடரைப் பாருங்கள். அதுவும் ஃபுருகாவாவின் இக்கால மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டதுதான். படத்தில் ஆவிகளாக மட்டும் வந்தவர்கள் அங்கே உண்ணவும் சிரிக்கவும் அஞ்சவும் செய்யும் மனிதர்களாக வருகிறார்கள். தொடரை முதலில் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் விடை. முதலில் ஆவிகளின் குரலைக் கேட்டவருக்கே அவர்களின் முகத்தைக் காணும் ஆவல் பிறக்கும். அடுத்து, நோ நாடகப் பதிவு ஒன்றில் ஸெயாமியின் ‘அத்சுமோரி’யைப் பாருங்கள். கொல்லப்பட்ட இளம் ஹெய்கே வீரனின் ஆவி தன்னைக் கொன்றவன் முன் தோன்றும் நாடகம் அது. மெதுவான அந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் இனு-ஓவின் ஆட்டத்தை மனத்தால் நிறுத்திப் பார்த்தால், இழப்பு எவ்வளவு என்பது தெரியும்.

பின்னர் படத்தை இரண்டாம் முறை பாருங்கள். முதல்முறை புரியாமல் போன தொடக்கத்து நகரத் தெருக் காட்சியில் நிறுத்தி, அங்கே பிவாவுடன் இருப்பவர் யார், எத்தனை காலமாக இருக்கிறார், எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதன் பிறகு ஓடவிடுங்கள்.